மாநிலமும் பேரும்



தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களைப் பற்றி ரா.பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'ஊரும் பேரும்' என்ற அருமையான நூலை எழுதினார். ஊர்களுக்கு அவர் செய்ததைப் பாரத நாட்டின் மாநிலங்களுக்குச் செய்யும் புலமை அடியேனுக்குக் கிடையாது. நான் ஆரணிப் பட்டு வியாபாரி. கல்லூரி வாசலை மிதிக்காதவன். ஆனால் தலைநகரில் கடை வைத்து நாலாபக்கமும் சரக்கு அனுப்பியவன் என்ற முறையில் மாநிலப் பெயர்களோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

என் கடைப் பேரேடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அதுவே ஒரு சரித்திரம். 'உத்தராஞ்சல்' என்று எழுதிய பக்கங்கள் 2007 ஜனவரியில் 'உத்தராகண்ட்' ஆகின்றன. ஒரிஸ்ஸா 2011இல் ஒடிஷா ஆகிறது. ஹைதராபாத் வாடிக்கையாளர்கள் 2014 ஜூன் 2 அன்று, கடையை ஓர் அடிகூட நகர்த்தாமலே, ஆந்திரத்தை விட்டுத் தெலங்கானாவுக்குப் போய்விட்டார்கள்! 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநிலங்களுக்கு எண் போட்டார்கள். தமிழ்நாடு 33, பீஹார் 10, தில்லி 07. எண்ணுக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. பெயருக்குக் கேட்கிறோம். ஏன் என்றால் பெயருக்குள் ஆட்கள் இருக்கிறார்கள்.

பெயர் யாருக்குத் தேவை?

ஒரு நாட்டின் பெயர் அந்த நாட்டுக்குள்ளேயே இருப்பவனுக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. ஆரணியில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து "நீங்க தமிழ்நாடா?" என்று யாராவது கேட்பார்களா? எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். எல்லையைத் தாண்டி நாலு ஜனங்களோடு பழகும்போதுதான் நாட்டுப் பெயர் வேண்டியிருக்கிறது. வெளி மாநிலத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கல்வெட்டுகளைப் பார்த்தேன். அப்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு நாட்டின் பெயருக்கான பழைய சான்றுகள் பல சமயம் அந்த நாட்டில் இல்லை. அடுத்தவர் வீட்டுப் பாறையில்தான் இருக்கின்றன.

முதலில் எங்கள் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே திருமலை என்ற குன்று உள்ளது. தமிழ்ச் சமணர்களாகிய எங்களுக்கு அது புண்ணிய தலம். இராஜராஜ சோழனின் தமக்கை குந்தவையார் பெயரால் அமைந்த ஜினாலயம் அங்கே இருக்கிறது. அங்குள்ள பாறையில் முதலாம் இராஜேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கி.பி. 1025ஐ ஒட்டியது. அரசன் வென்ற நாடுகளின் பட்டியலில் ஒட்ட விஷயம், கோசலை நாடு, தக்கண லாடம், உத்தர லாடம், வங்காள தேசம் எல்லாம் வரிசையாக வருகின்றன. வங்காளத்தைச் சொல்லும்போது ஓயாமல் மழைக்காற்று வீசும் நாடு என்று அடைமொழி வேறு! கல்கத்தாவில் ஆடி மாதத்தைக் கழித்தவர்களுக்கு அந்த அடைமொழியின் உண்மை தெரியும்.

இத்தனை பெரிய பட்டியலைத் தாங்கிய அந்தக் கல்வெட்டு எதற்காக வெட்டப்பட்டது தெரியுமா? ஒரு வியாபாரியின் மனைவியான சாமுண்டப்பை கோயில் விளக்குக்கும் திருவமுதுக்கும் செய்த தர்மத்தைப் பதிவு செய்வதற்காக. ஒரு வியாபாரி வீட்டு அம்மாள் ஏற்றிய விளக்கின் புண்ணியத்தில், வங்காளத்தின் பெயர் ஆயிரம் வருடமாக ஒரு தமிழ்க் குன்றில் பத்திரமாக இருக்கிறது.

கேரளத்தின் கதையும் இதுதான். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று தென்னாட்டவரை வரிசைப்படுத்திச் சொல்பவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அசோகர். அந்தச் சாசனத்தின் ஒரு படி குஜராத்தில் கிர்னார் மலை அடிவாரத்தில் உள்ளது. 22ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதர் முக்தி அடைந்த மலை அது.

மஹாராஷ்டிரத்தின் பெயர் எங்கே இருக்கிறது? கர்நாடகத்து ஐஹொளெயில். மேகுடிக் குன்றின் மேல் உள்ள ஜினாலயத்தில் ரவிகீர்த்தி என்ற சமணப் புலவர் கி.பி. 634இல் பொறித்த கல்வெட்டு, இரண்டாம் புலிகேசி 99,000 கிராமங்கள் கொண்ட மூன்று மஹாராஷ்டிரங்களுக்கும் அதிபதி ஆனான் என்று சொல்கிறது.

ஹரியானாவின் பெயர் தில்லிப் பாலத்தில் இருக்கிறது. பாலம் என்றால் நமக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். அங்கே 1276இல் ஒரு படிக்கிணறு வெட்டி வைத்தார் உத்தரர் என்ற செல்வர். இன்றைய பாகிஸ்தானில் உள்ள உச் நகரத்திலிருந்து வந்தவர். அதாவது நம்மைப் போல் பிழைக்க வந்த ஊரில் குடியிருந்தவர். ஹரியானகம் என்ற இந்த நாட்டைத் தோமரர் ஆண்டனர், பிறகு சௌஹான்கள் ஆண்டனர், பிறகு சகர்கள் ஆண்டனர் என்று அந்தக் கிணற்றுக் கல்வெட்டு சொல்கிறது. துருக்கிய சுல்தான்களைத்தான் சகர் என்கிறது. வந்து குடியேறியவர்தான் வந்த நாட்டின் பெயரைக் கேட்டறிந்து கல்லில் எழுதியிருக்கிறார் பாருங்கள்!

சரி, நம் தமிழின் கதை என்ன? புவனேஸ்வரத்துக்கு அருகே உதயகிரியில் ஹாத்திகும்பா என்ற குகை. கலிங்கத்து அரசன் காரவேலன் வெட்டிய கல்வெட்டு அங்கே உண்டு. காலம் கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டு. அருகர்க்கும் சித்தர்க்கும் வணக்கம் சொல்லித் தொடங்குகிறது. தமிழ் அரசர்களின் கூட்டணி ஒன்றைக் காரவேலன் உடைத்த செய்தியை அதில் அறிஞர்கள் படித்துள்ளார்கள். நம் பெயர் அங்கே 'திரமிர' என்று இருக்கிறது. கலிங்கத்தார் நாக்கில் தமிழ் அப்படித்தான் திரும்பியது! கிரேக்க மாலுமிகள் வாயில் அதுவே 'தமிரிகா' ஆயிற்று. அதே ஹாத்திகும்பாவில்தான் 'பரதவர்ஷம்' என்ற பெயரும் கல்லில் காணப்படுகிறது. கல்வெட்டுகளில் பாரதத்தின் பெயருக்குக் கிடைத்த மிகப் பழைய சான்று அது. ஆதிநாதர் ரிஷபதேவரின் மகன் பரதன் பெயரால் பாரதம் என்பது சமண மரபு. பாகவத புராணமும் அதையே சொல்கிறது.

திசை பார்த்து வைத்த பெயர்கள்

அடுத்தவர்தான் பெயர் வைக்கிறார் என்றால், அவர் எங்கே நின்றுகொண்டு வைக்கிறார் என்று பார்க்க வேண்டும். சங்க இலக்கியத்தில் தெலுங்கு நாட்டவருக்கு 'வடுகர்' என்று பெயர். வடக்கே இருப்பவர் என்று அர்த்தம். 'தெனுகு' என்ற சொல்லோ 'தென்' என்ற அடியிலிருந்து வந்தது, தெற்கத்தியார் என்று பொருள் என்பது மொழியறிஞர் சிலரின் கருத்து. அது சரியானால் ஒரே ஜனங்கள் நமக்கு வடக்கத்தியார், வேறொருவருக்குத் தெற்கத்தியார்! இரண்டுமே சரிதான். பார்த்தவர் நின்ற இடம்தான் வேறு.

வெள்ளைக்காரன் காலத்தில் இது இன்னும் வேடிக்கை. ஆக்ரா, அலஹாபாத் பகுதிகளுக்கு 1836இல் 'வடமேற்கு மாகாணங்கள்' என்று பெயர் வைத்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் அது நாட்டின் வடமேற்கே இல்லை. ஆனால் அன்றைய தலைநகர் கல்கத்தா. கல்கத்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவனுக்கு அது வடமேற்கு! 1901இல் பெஷாவர் பக்கம் வடமேற்கு எல்லை மாகாணம் என்று ஒன்றை உண்டாக்கியதும் குழப்பம் வந்தது. 1902இல் பழையதை 'ஆக்ரா அவத் ஐக்கிய மாகாணங்கள்' என்று மாற்றினார்கள். 1950 ஜனவரி 24 அன்று அது உத்தரப் பிரதேசம் ஆயிற்று. 'யு.பி.' என்ற இரண்டெழுத்து மட்டும் மாறவில்லை.

மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். மனுஸ்மிருதி காட்டும் 'மத்தியதேசம்' இமயத்துக்கும் விந்தியத்துக்கும் நடுவே, பிரயாகைக்கு மேற்கே. அதாவது இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதி. அன்று 'நடு' என்று சொன்ன நிலத்துக்கு இன்று 'வடக்கு' என்று பெயர். 1861இல் வெள்ளையர் நாகபுரியைத் தலைநகராக வைத்து உண்டாக்கிய 'மத்திய மாகாணம்' தெற்கே தள்ளி இருந்தது. அந்தப் பெயரைத்தான் 1950இல் மத்தியப் பிரதேசம் என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். 1956இல் நாகபுரியே பம்பாய் மாநிலத்துக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் போபாலில் தங்கிவிட்டது.

மேற்கு வங்காளம் இந்தியாவின் கிழக்கில் இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1947இல் வங்காளத்தை இரண்டாக வெட்டியபோது கிழக்குத் துண்டுக்கு எதிராக இது மேற்கு. அந்தக் கிழக்கு வங்காளம் 1955இல் கிழக்குப் பாகிஸ்தான் ஆகி, 1971இல் பங்களாதேஷ் ஆகிவிட்டது. ஜோடி போன பிறகும் 'மேற்கு' என்ற சொல் தனியாக நிற்கிறது. 'பாங்ளா' என்று மாற்றக் கோரி மாநிலச் சட்டசபை 2018இல் தீர்மானம் போட்டது.

இடம் பெயர்ந்த பெயர்கள்

மனிதர்கள் மட்டும் இடம் பெயர்வதில்லை, பெயர்களும் பெயர்கின்றன. கர்நாடகம் என்பது 'கரு நாடு' என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கருமண் நாடு என்பார் சிலர், மேட்டு நாடு என்பார் சிலர். சிலப்பதிகாரத்தில் கருநாடர் வருகிறார்கள். விஜயநகரத்தார் ஆட்சி தமிழ்நாட்டில் பரவியபோது அந்தப் பெயரும் கூடவே மலையிறங்கி வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் 'கர்நாடக நவாபு' என்றால் மைசூர்க்காரர் இல்லை, எங்கள் ஆரணிக்குப் பக்கத்தில் ஆற்காட்டில் இருந்தவர்! கர்நாடகப் போர்கள் நடந்ததும் பெரும்பாலும் தமிழ் மண்ணில்தான். பெயருக்கு உரிய மாநிலமோ 'மைசூர்' என்ற ஒரு நகரின் பெயரைச் சுமந்துகொண்டிருந்து, 1973 நவம்பர் 1 அன்றுதான் தன் பழைய பெயரைத் திரும்பப் பெற்றது.

பஞ்சாப் என்றால் பாரசீகத்தில் ஐந்து நீர். ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ். 1947 பிரிவினையில் நிலம் இரண்டாயிற்று, நதிகளும் பங்காயின. ஜீலமும் செனாபும் ஓடுவது அந்தப் பக்கத்துப் பஞ்சாபில். ராவி எல்லையை ஒட்டிப் போகிறது. ஆனாலும் 'ஐந்து' என்ற எண்ணை இரண்டு பக்கத்தாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏன், 'இந்தியா' என்ற பெயரே சிந்து நதியைப் பாரசீகர் 'ஹிந்து' என்று சொல்லி, கிரேக்கர் அதை 'இந்தோஸ்' ஆக்கியதால் வந்ததுதான். அந்தச் சிந்துவும் பெரும்பகுதி ஓடுவது பாகிஸ்தானில்.

பீஹாரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 'விகாரம்' என்ற சொல்தான் பீஹார் ஆயிற்று. துறவிகள் தங்கிப் படித்த மடத்துக்கு விகாரம் என்று பெயர். பால வம்சத்தார் காலத்தில் ஓதந்தபுரி என்ற பெரிய பௌத்த விகாரம் இருந்த ஊர் இன்று பீஹார் ஷரீஃப். 13ஆம் நூற்றாண்டில் வந்த துருக்கியர் அந்த ஊரை 'பீஹார்' என்று அழைத்தார்கள். ஊரின் பெயர் சீமைக்கு ஆகி, 1912இல் மாகாணத்துக்கும் ஆயிற்று. மகாவீரர் நிர்வாணம் அடைந்த பாவாபுரி அதற்குப் பக்கத்தில்தான். சம்மேத சிகரம் 2000 நவம்பர் 15 முதல் ஜார்க்கண்டுக்குப் போய்விட்டது. நம் தமிழில் சமண முனிவர் தங்கிய இடத்துக்குப் 'பள்ளி' என்று பெயர். அவர்கள் பாடம் சொல்லிக்கொடுத்ததால் பள்ளி என்பது பள்ளிக்கூடம் ஆயிற்று என்பர். ஆக பீஹார் என்ற சொல்லை நேராகத் தமிழாக்கினால் 'பள்ளி நாடு'. ஆனால் இன்று தில்லியிலும் மும்பையிலும், ஏன் திருப்பூரிலும், 'பீஹாரி' என்ற சொல்லைச் சிலர் வசவு மாதிரி உபயோகிக்கிறார்கள். படிப்புக்குப் பேர் போன பெயரை வசவாக்குவது வசைபவனின் படிப்பைத்தான் காட்டுகிறது.

கேட்டு வாங்கிய பெயர்கள்

அடுத்தவர் வைத்த பெயரே போதும் என்று எல்லோரும் இருந்துவிடவில்லை. தங்கள் பெயரைக் கேட்டு வாங்கியவர்கள் உண்டு. அதற்கு உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு.

பொட்டி ஸ்ரீராமுலு ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிறந்தது. விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 ஜூலையில் உண்ணாவிரதம் தொடங்கி அக்டோபர் 13 அன்று மறைந்தார். 1960களின் தொடக்கத்தில் ராஜ்யசபையில் தமிழ்நாடு என்ற பெயர் கேட்டு மசோதா கொண்டுவந்தவர் யார் தெரியுமா? பூபேஷ் குப்தா, வங்காளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர். அந்த மசோதாவை ஆதரித்து அறிஞர் அண்ணா அங்கே பேசினார். வங்காளத்தின் பெயரைத் திருமலையில் ஒரு தமிழ்ப் பாறை காப்பாற்றியது என்றேன் அல்லவா? கடன் திரும்பி வந்துவிட்டது!

மசோதா அன்று தோற்றது. 1967 ஜூலை 18 அன்று முதலமைச்சராக அண்ணாவே சட்டசபையில் தீர்மானத்தை நிறைவேற்றினார். 1969 ஜனவரி 14, பொங்கல் திருநாளில் பெயர் நடைமுறைக்கு வந்தது. மூன்று வாரத்துக்குள், பிப்ரவரி 3 அன்று, அண்ணா மறைந்தார்.

வடகிழக்கிலும் இப்படித்தான். லுஷாய் மலைகள் என்று வெள்ளையர் எழுதியதை அந்த மக்கள் 1954இல் மிஸோ மலைகள் என்று மாற்றிக்கொண்டார்கள். 1972இல் அது மிஸோரம் ஆயிற்று. 'ரம்' என்றால் அவர்கள் மொழியில் நாடு. மிஸோரம் என்றால் மிஸோ நாடு. தமிழ்நாடு என்று நாம் சொல்வதும் அதே இலக்கணம்தானே?

புதிதாகச் செய்துவைத்த பெயர்களும் சில உண்டு. மேகாலயம் என்பது எஸ்.பி. சாட்டர்ஜி என்ற புவியியல் பேராசிரியர் உண்டாக்கிய சொல். 1972இல் தனி மாநிலமானது. அதே 1972இல் 'நேஃபா' என்று வழங்கிய எல்லைப் பகுதிக்கு அருணாசலப் பிரதேசம் என்று பெயர் வைத்தார்கள். அருணன் உதிக்கும் மலை. எங்கள் திருவண்ணாமலைக்காரர்கள் கேட்டால் "இங்கே இருக்குதே அருணாசலம்" என்பார்கள்! இந்தப் பெயர்கள் அழகானவை, ஆனால் அந்த மலைவாசிகளின் சொந்தமொழிச் சொற்கள் இல்லை. அந்த வித்தியாசத்தையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை

பெயருக்கு அர்த்தம் சொல்வது சுலபமான வேலை, சரியாகச் சொல்வதுதான் கஷ்டம். 'கேரம்' என்றால் தென்னை, அதனால் கேரளம் என்பார்கள். காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் கன்னடத்து 'கிவி' தமிழில் 'செவி', 'கேரி' தமிழில் 'சேரி'. அந்த வழியில் கேரளர் என்பது நம் சேரர்தான் என்று மொழியறிஞர் காட்டுவது பொருத்தமாக உள்ளது. சமமற்றது என்ற பொருளில் 'அஸம' என்பதிலிருந்து அஸ்ஸாம் வந்தது என்பார்கள். 1228இல் சுகாபா தலைமையில் பட்காய் மலையைத் தாண்டி வந்த ஆஹோம் மக்களையும் அவர்களுடைய ஷான் இனத்தையும் ஒட்டி வந்த பெயர் என்பதே பல அறிஞர் கருத்து. பெரிய பெரிய அர்த்தம் சொல்லும் விளக்கம் வந்தால், வியாபாரி புது நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் ஒருமுறை பார்க்க வேண்டும்.

நமக்கு என்ன?

தெலுங்கர் நம்மை 'அரவம்' என்றார்கள். கன்னடர் 'திகளர்' என்றார்கள். மலையாளிகள் 'பாண்டி' என்றார்கள். வடக்கே 'மதராசி' என்றார்கள். நாம் சும்மா இருந்தோமா? 'வடுகன்' என்றோம், 'சேட்டு' என்றோம், விந்தியத்துக்கு அப்பால் இருப்பவர்கள் எல்லோரையும் 'ஹிந்திக்காரன்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினோம். ஒரு மூட்டைக்குள் எத்தனை ரகம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் விலை பேசினால் வியாபாரம் உருப்படாது.

சென்னை ராஜ்யம் என்ற பெயர் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பள்ளியில் நம் பிள்ளையை யாராவது 'மதராசி' என்றால் அவன் கோபித்துக்கொள்ள வேண்டாம், தலைகுனியவும் வேண்டாம். "அந்தப் பெயர் 1969லேயே போய்விட்டது, எங்கள் பெயர் தமிழ்நாடு" என்று தேதியோடு சொல்லத் தெரிந்தால் போதும். கூடவே, சொன்ன அந்தப் பையன் போஜ்புரி பேசுகிறவனா, மைதிலி பேசுகிறவனா, கட்வாலி பேசுகிறவனா என்று இவனும் கேட்டறிய வேண்டும். கேட்டால் அவன் முகம் மலரும். தன் ஊர்ப் பெயரை இன்னொருவன் சரியாகச் சொல்லிக் கேட்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. வெளியூரில் வாழும் நமக்கு அது தெரியும்.

நம் பெயரைக் கலிங்கத்துக் குகை ஈராயிரம் வருடமாக வைத்திருக்கிறது. வங்கத்தின் பெயரை நம் திருமலை ஆயிரம் வருடமாக வைத்திருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, போளூரில் இறங்கித் திருமலைக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். முடிந்தால் வங்காளத்து நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய நாட்டின் பெயர் நம் எழுத்தில் இருக்கும் இடத்தைக் கைவைத்துக் காட்டுங்கள்.